உங்களுக்குத் தெரியுமா? குணமா, சீனியா?

சலரோகம் என்றால் கண்ணைப் பார், காலைப் பார், கிட்னியைப் பார் என்று கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். மனிசரின் கோபத்திலும் அழுகையிலும் அடங்காத பசியிலும் திடீர்ப் பிடிவாதத்திலும் அதே நோய்க்குக் கை இருக்கலாம் என்பதை மட்டும் வீடுகளில் யாரும் கதைப்பதில்லை. "அவற்ற குணம் அப்படி", "வயசு போனால் இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம். அப்படி முடித்துவைத்த சிலவற்றை இந்த வாரம் திறந்து பார்ப்போம்.

● 2005–2006இல் இலங்கையில் வடக்கு, கிழக்கு நீங்கலாக ஏனைய ஏழு மாகாணங்களிலும் நடந்த ஆய்வில், வளர்ந்தவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. 2018–2019இல் நாடு முழுவதும் நடந்த இன்னோர் ஆய்வில் அது 23 சதவீதம். முந்திய ஆய்வில் நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாதவர்களுக்கும் களைப்பும் எரிச்சலும் வரும், காரணந்தான் பிடிபடாது.

● மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். உடல் செலவழிக்கும் சக்தியிலோ ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. குளுக்கோஸைச் சேமித்து வைக்க மூளைக்கு இடமில்லை என்பதால், குருதியில் சீனி இறங்கும்போது முதலில் தவிப்பது அதுதான்.

● சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 'குறைவு'. 54க்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் உடல் அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கும்: கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, கொலைப்பசி. அதற்கும் ஒன்றும் சாப்பிடாவிட்டால் அடுத்த கட்டத்தில் மூளையே தடுமாறும். காரணமில்லாத கோபம், அழுகை, பொருந்தாத சிரிப்பு, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, நாக்குக் குழறுவது எல்லாம் அந்தக் கட்டத்தில் வருபவை.

● ஒரு வெள்ளிக்கிழமைப் பகலைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடி. அம்மா கோயிலால் வர ஒரு மணி தாண்டிவிட்டது. அப்பா காலை 7 மணிக்கு இரண்டு துண்டுப் பாண் சாப்பிட்டு, கிளிக்கிளசைட் குளிசை போட்டவர். கதவு திறந்ததும் தொடங்கிவிட்டார்: "மனிசன் ஒருத்தன் வீட்டில பசியோட இருக்கிறது தெரியாதே உனக்கு?" அம்மா அவசரமாகச் சோறு போட்டு வைக்கிறா. அவர் கோப்பையைத் தள்ளிவிடுகிறார். சொதி மேசையெல்லாம் ஓடுகிறது. வாழ்நாளில் மனைவிக்கு வாயால் சொல்லாத சொல்லொன்று வருகிறது.

இப்போது கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. சேட் முதுகோடு ஒட்டியிருக்கிறது. கரண்டியைப் பிடித்த விரல்கள் ஆடுகின்றன. மகள் விரலில் குத்திப் பார்த்தால் மெசினில் 52. சீனி போட்ட பிளேன்ரீயை மெல்ல மெல்லக் குடிக்க வைத்தால், கால் மணித்தியாலம் கழித்து அவர் தலையைத் தூக்கி, "என்ன, எல்லாரும் ஏன் என்னையே பாக்கிறியள்?" என்று கேட்பார். அந்தச் சண்டையில் பாதி அவருடைய நினைவில் இராது. அம்மாவுக்கோ அது கனகாலத்துக்கு மறக்காது. இதனால்தான் மெசினை முதலில் எடுங்கள், மறுமொழியைப் பிறகு சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

● சீனி இறங்கியவரை வெறியில் நிற்பவராக நினைத்து ஒதுக்கிவிடும் ஆபத்து உலகம் முழுக்க உண்டு. தள்ளாட்டம், குழறல், வீம்பு மூன்றும் இரண்டிலும் ஒன்றுதான். கொட்டாஞ்சேனையிலிருந்து விடியப்புறம் புறக்கோட்டைக்குப் போய் மூட்டை தூக்கும் நாட்டாமி ஒருவர், காலைக் குளிசையைப் போட்டுக்கொண்டு வெறும் பிளேன்ரீயோடு பத்து மணிவரை வண்டில் தள்ளினால் சீனி எங்கே நிற்கும்? அவர் தெருவோரம் சரிந்து உட்கார்ந்து பிதற்றினால், "காலங்காத்தால போட்டுட்டான்" என்றுதான் போகிறவர்கள் சொல்வார்கள். கடும் உடலுழைப்பு தசைகளை நிறையக் குளுக்கோஸ் இழுக்க வைக்கும். வேலை முடிந்து பல மணித்தியாலத்துக்குப் பிறகும் சீனி இறங்கலாம். சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் குளுக்கோஸும், சலரோகம் இருக்கிறது என்று எழுதிய ஒரு துண்டும் இருந்தால் அவருக்கு உயிர் தப்பும்.

● என்ன கொடுப்பது? 15 கிராம் சீனி, பிறகு 15 நிமிடம் பொறுமை. மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியையோ குளுக்கோஸ் தூளையோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். அரைக் கிளாஸ் சாதாரணச் சோடாவும் சரி, 'டயட்' என்று போட்டிருப்பது உதவாது. சொக்லட் கொடுக்கத்தான் பலருக்குக் கை போகும். அதிலுள்ள கொழுப்பு சீனி சேர்வதைத் தாமதப்படுத்துவதால் இந்த நேரத்துக்கு அது சரிவராது. 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தரம். ஏறியபின் பிஸ்கட், பாண் என்று ஏதாவது சாப்பிட வேண்டும்.

● நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சரித்துப் படுக்கவைத்து 1990ஐ அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

● எல்லாக் குளிசையும் சீனியை ஆபத்தாக இறக்குவதில்லை. மெட்போர்மின் தனியாக எடுத்தால் அப்படி நடப்பது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், கிளிமிபிரைட், டொல்பியூட்டமைட் என்ற குடும்பமும் இன்சுலினுந்தான் கவனிக்க வேண்டியவை. சிறுநீரகம் பழுதானவர்களிலும் முதியோரிலும் இந்தக் குளிசைகள் உடலில் தேங்கும். அதனால் ஒருமுறை சீனி கொடுத்து எழும்பியவர் சில மணித்தியாலத்தில் மறுபடி விழலாம். "இப்ப நல்லா இருக்கிறார்" என்று வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே நல்லது.

● பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டினலோல், புரொப்பிரனலோல் வகைக் குளிசைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மூடிவிடும். வியர்வையை மூடாது. அடிக்கடி சீனி இறங்குகிறவர்களுக்கு எச்சரிக்கைகளே மழுங்கிப்போவதும் உண்டு. அவர்களிடம் முதலில் தெரிவது முகமும் குணமும் மாறுவதுதான். அதைக் கண்டுபிடிக்கக் கூடவே இருக்கிற ஆள் வேண்டும்.

● கெட்ட கனவு, தூக்கத்தில் கத்துவது, நனைந்துபோன தலையணை, விடிய எழும்பினால் தலையிடியும் சிடுசிடுப்பும்: இரவில் சீனி இறங்கியதற்கு இவை அடையாளமாக இருக்கலாம். ஒரு நாள் அதிகாலை 3 மணிக்கு எழுப்பிச் சீனி பாருங்கள்.

● கனகாலம் 300இல் வாழ்ந்த உடம்பு 120க்கு வந்தால், "சீனி இறங்கிட்டுது" என்று நடுங்கும். அளவில் குறைவில்லை, ஆனால் நடுக்கமும் பசியும் உண்மையானவை. சில வாரத்தில் உடல் பழகிக்கொள்ளும். இந்த இடைவெளியில்தான் "புதுக் குளிசை எனக்கு ஒத்துவரேல்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு முன் ஒருமுறை அளந்து பார்த்தாலே போதும்.

● கிளினிக்குக்கு வெறுவயிற்றோடு போகிற நாளில் காலைக் குளிசையையும் இன்சுலினையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். குருதி கொடுத்துவிட்டுச் சாப்பிடும்போது எடுக்க வேண்டியவை பல உண்டு. எதை எப்போது எடுப்பது என்பதை முதல் கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். வரிசையில் தாதியோடு சண்டை பிடிக்கிற ஆச்சியின் கைகளைப் பாருங்கள். நடுங்கினால், பக்கத்தில் நிற்கிற நீங்கள்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

● விரதம். கந்தசஷ்டி ஆறு நாள், கேதார கௌரி 21 நாள், நவராத்திரி, சிவராத்திரி. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கருக்குத் தவக்காலம். முஸ்லிம் அயலவருக்கு நோன்பு. விரதத்தை விடு என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை, சொன்னாலும் எங்கள் அம்மாமார் கேட்கப்போவதில்லை. விரதத்துக்கு முன்னரே டொக்டரிடம் போய்க் குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதுவிப்பதுதான் வழி. நோன்புக்கு முன் மருந்தை மாற்றி அமைப்பதற்கு மருத்துவ வழிகாட்டிகளே இருக்கின்றன. அதே முறை கந்தசஷ்டிக்கும் உதவும். எம்பாகிளிஃப்ளோசின் வகைக் குளிசை எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பட்டினியோடு சேர்ந்தால், அது சீனி கூடாமலே குருதியை அமிலமாக்கும் ஆபத்து உண்டு. விரத நாட்களில் கோபம் கூடினால், பக்திக் குறைவு என்று யாரும் மனம் நோக வேண்டாம். 70க்குக் கீழே போனால் விரதத்தை முறித்துத்தான் ஆக வேண்டும்.

● சீனி கூடினாலும் குணம் மாறும், ஆனால் வேறு மாதிரி. திடீர் வெடிப்பு குறைவு. மந்தம், சலிப்பு, எதிலும் மனம் ஒட்டாமை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் கூட. இரவில் நாலைந்து தரம் சிறுநீர் கழிக்க எழும்புகிறவருக்கு நித்திரை ஏது? நித்திரை கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். அடுத்த நாள் பத்து மணிக்கே காலி வீதியில் ரோல்ஸ் கண்ணில் படும்.

● "சாப்பிடுறது எங்க போகுதோ தெரியேல்லை, ஆளும் மெலியுது" என்பது நீரிழிவின் பழைய அறிகுறிகளில் ஒன்று. குருதியில் சீனி நிறைய ஓடுகிறது. இன்சுலின் இல்லாததால் கலங்களுக்குள் போகவில்லை. உள்ளே பட்டினி கிடக்கும் கலங்கள் இன்னும் கொண்டா என்று கேட்கின்றன, சேராத சீனி சிறுநீரோடு போகிறது. இந்தப் பசியைப் பெருந்தீனி என்று பழிப்பது பாவம்.

● இதற்கு நேர்மாறானதும் உண்டு. கனகாலச் சலரோகம் இரைப்பைக்குப் போகும் நரம்பைப் பழுதாக்கினால் சாப்பாடு கீழே இறங்கப் பிந்தும். இரண்டு கவளத்தில் வயிறு நிரம்பும், ஓங்காளிக்கும். சாப்பிட்டது சேரப் பிந்துவதால் இன்சுலின் முந்திவிடும், சீனி இறங்கும். பிறகு நினையாத நேரத்தில் ஏறும். "சமைச்சதைச் சாப்பிடாமல் அடம் பிடிக்கிறார்" என்று மருமகள் கவலைப்படுகிற வீட்டில், டொக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி இது.

● சீனி இறங்கியபின் வரும் பசி கண்மண் தெரியாத பசி. 15 கிராம் போதும் என்று தெரிந்தவர்களும் அலுமாரி முன் நின்று அரைக் கேக்கை முடித்துவிடுவார்கள். மூளை பயந்துபோய்க் கேட்கிறது, மனவுறுதியைக் குறை சொல்லி என்ன பயன்? அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் 300. அதற்குப் பயந்து கூட இன்சுலின். மறுபடி இறக்கம். இந்த ஊஞ்சலில் ஒரு மாதம் ஆடினால் யாருக்கும் குணம் கெடும்.

● மெட்போர்மின் சிலருக்குத் தொடக்கத்தில் பசியைக் குறைத்து, வாயில் உலோகச் சுவையையும் வயிற்றுக் குழப்பத்தையும் தரும். சாப்பாட்டோடு, சிறிய அளவில் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கனவருடம் எடுக்கும்போது விற்றமின் பி12 குறையக்கூடும். அது குறைந்தால் மறதி, மனச்சோர்வு, கால் விறைப்பு. மச்சம் தொடாத சைவக்காரருக்கு இந்தக் குறைவு வர இன்னும் வாய்ப்பு உண்டு. கால் விறைப்பு சலரோகத்தாலும் வரும் என்பதால் பி12 குறைவு பார்வைக்குத் தப்பிவிடுகிறது. ஒரு குருதிப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

● பசியை அடக்கும் புதிய ஊசிகளின் கதை ஒரு பல்லியிலிருந்து வந்தது. அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கீலா மொன்ஸ்டரின் நச்சு உமிழ்நீரில் கிடைத்த பொருளை வைத்து உருவான எக்செனடைட் 2005இல் அங்கே அனுமதி பெற்றது. செமகுளூட்டைட் அதே வழியில் வேலை செய்யும் பிந்திய மருந்து: இரைப்பையை மெதுவாக்கும், மூளைக்குப் போதும் என்று சொல்லும். மெலிவதற்காக மருந்துச்சீட்டு இல்லாமல் யாரிடமும் வாங்கிக் குத்திக்கொள்ள வேண்டாம்.

● முட்டுக்கு, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் சீனியை ஏற்றும், பசியைக் கிளப்பும், நித்திரையைக் கெடுக்கும், மனநிலையையும் ஆட்டும். மனநோய்க்குக் கொடுக்கும் ஒலன்சபின், குளோசபின் பசியையும் எடையையும் சீனியையும் கூட்டும். அவற்றைத் தாமாக நிறுத்துவது இரட்டை ஆபத்து. இரண்டு டொக்டருக்கும் இரண்டு மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்.

● கோத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் விட்டு விடியக் குடிப்பது இலங்கையின் பழைய கைமருந்து. அந்த மூலிகைத் தேநீரை இலங்கையிலேயே முறைப்படி பரிசோதித்தபோது சீனி குறைந்தது. வேலை செய்கிறது என்பதாலேயே அதைக் குளிசையோடு சேர்த்துக் குடிப்பதை டொக்டரிடம் மறைக்கக் கூடாது.

● பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் சீனிதான். பெரும்பகுதி சுக்குரோஸ். ஆடிப்பிறப்புக் கூழை வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னக் கிண்ணம் எடுங்கள்.

● 2016இலிருந்து இலங்கையில் விற்கும் மென்பானப் போத்தல்களில் வட்டம் ஒன்று இருக்கும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. குடிக்கிற சீனி வயிற்றை நிரப்பாது. அதைக் குடித்துவிட்டும் அதே அளவு சோறு சாப்பிடுவோம்.

● 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் தோமஸ் வில்லிஸ், நீண்ட துயரமே நீரிழிவுக்குக் காரணங்களில் ஒன்று என்று எழுதினார். இன்றைய ஆய்வுகள் இரண்டு பக்கமும் வழி இருப்பதைக் காட்டுகின்றன: சலரோகம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சலரோகம் வரும் வாய்ப்பும் கூட. மனம் சோர்ந்தவர் குளிசையை மறப்பார், நடக்கப் போகமாட்டார், சீனி ஏறும், இன்னும் சோர்வார். "தைரியமா இரு" என்று சொல்வதால் இந்தச் சுற்று அறுபடாது.

● வெள்ளவத்தையின் முதியவர்களில் 1983 ஜூலை இனக்கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்ததைக் கேட்ட வீடுகள் இருக்கின்றன. அமெரிக்கப் பெண் தாதியரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பேரதிர்ச்சியின் மன வடு மிகக் கூடுதலாக இருந்தவர்களுக்குச் சலரோகம் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. வேறு நாட்டு, வேறு மக்களின் ஆய்வுதான். ஆனால் கிளினிக் அட்டையில் எடை, பிரஷர், சீனி எல்லாம் எழுத இடம் இருக்கும்போது, "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கவும் ஒரு வரி இருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

● எல்லா வருத்தமும் மனச்சோர்வு நோய் ஆகாது. தினமும் குத்து, கணக்குப் பார், இதைச் சாப்பிடாதே, அதைத் தொடாதே என்பதிலேயே மனம் களைத்துப்போவது தனி நிலை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலொன்ஸ்கியும் கூட இருந்தவர்களும் 1995இல் அதை அளக்க ஒரு வினாக்கொத்தே உருவாக்கினார்கள். இதற்குக் குளிசையைவிடக் காது கொடுத்துக் கேட்பதும், சுமையில் ஒரு பகுதியைப் பகிர்வதும் உதவும். அம்மாவின் ஊசியை வாரத்தில் இரண்டு நாள் மகன் போட்டுவிடட்டும்.

● சலரோகமும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை வைத்து சென்னை, டில்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் கிளினிக்குகளில் ஒரு சோதனை நடந்து, முடிவு 2020இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான வைத்தியம். மற்றவர்களை, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவர் இரண்டுக்குமாகத் தொடர்ந்து விசாரித்தார். அவருக்குப் பின்னால் நிபுணர்கள் நின்றார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மனமும் தேறி, சீனி, பிரஷர், கொழுப்பு மூன்றில் ஒன்றாவது குறைந்தவர்கள் விசாரிக்கப்பட்டவர்களிடையே கூடுதலாக இருந்தார்கள். அந்தப் பராமரிப்பாளர்கள் டொக்டர்கள் அல்லர் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. எங்கள் நாட்டாலும் இது முடியும்.

● இரவில் உள்ளங்கால் எரிந்து நித்திரை இல்லாதவருக்கு அமிற்ரிப்டிலினோ டுலொக்செட்டினோ எழுதினால், பாமசித் துண்டை வாசித்துவிட்டு, "இது மனநோய்க் குளிசை" என்று வீட்டில் பதறுகிறார்கள். நரம்பு வலிக்கும் அதே மருந்துதான்.

● வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: ஆண்களில் சலரோகம் குருதிக் குழாய்களையும் நரம்புகளையும் பழுதாக்கி ஆண்குறி விறைப்பைக் குறைக்கும். வெட்கத்தில் மனைவியை விட்டு விலகிப் படுக்கிறார், சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுகிறார். மனைவி தன்னில் பிழை தேடுகிறா. இதற்கு வைத்தியம் இருக்கிறது. தவிர, இது இதயக் குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்பதால் மறைப்பது உயிருக்கே கூடாது.

● முதலாம் வகைச் சலரோகம் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளை திடீரென்று பக்கத்தில் இருக்கிறவனை அடித்தால், அல்லது கரும்பலகையைப் பார்த்தபடி உறைந்துபோனால், தண்டனைக்கு முன் சீனி பாருங்கள். இன்னொன்று பெற்றோருக்கு: இன்சுலின் போட்டால் உடம்பு வைக்கும் என்று பயந்து, ஊசியை ஒளித்துத் தவிர்க்கிற இளம்பெண்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். காரணமில்லாமல் மெலிந்து, சீனியும் கூடி, சாப்பாட்டு நேரத்தில் முகம் கொடுக்காமல் இருந்தால் திட்டாமல் கதையுங்கள். இன்சுலினை விட்டால் சில நாட்களிலேயே உயிர் போகலாம்.

● கலியாண வீட்டுப் பந்தியில், "ஐயோ, இவருக்குச் சீனி, பாயாசம் போடாதேங்கோ" என்று உரக்கச் சொல்வது அக்கறைதான். கேட்டவருக்கு அது சபையில் வாங்கிய அடி. வீட்டார் காவல் காக்கும்போது மனிசர் ஒளித்துச் சாப்பிடத் தொடங்குவார்கள். ஒளித்துச் சாப்பிட்டது கணக்கில் வராது. "எவ்வளவு எடுப்பம்?" என்று பக்கத்தில் இருந்து மெல்லக் கேட்டால் போதும்.

● முதியவர் ஒருவர் இரண்டு மூன்று நாளில் ஆளே மாறிப்போனால், "அறளை பெயர்ந்திட்டுது" என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். நாட்கணக்கில் வந்த குழப்பத்துக்குச் சீனி 600க்கு மேல் ஏறி உடல் வற்றியிருக்கலாம், சிறுநீரில் கிருமி இருக்கலாம், சீனி இறங்கியிருக்கலாம். மூன்றுக்கும் ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவிலையும் கொட்டாஞ்சேனைக்காரருக்குப் பெரியாஸ்பத்திரியும் கிட்ட.

● சாப்பாட்டில் முதலில் கீரை, மரக்கறி, பருப்பு, மீன், சோறு கடைசி. ஒரே கோப்பைதான், வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி ஏற்றம் குறையும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு மரைன் டிரைவில் கால் மணித்தியாலம் நடந்தால் இன்னும் குறையும். கடற்காற்றில் துணையோடு நடந்த மனிசர் வீட்டுக்கு வேறு முகத்தோடு வருவதையும் பார்த்திருப்பீர்கள்.

● தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். அந்த நிறுவனம் இருக்கும் அங்கொடை என்ற பெயருக்குப் பயந்தவர்கள், தொலைபேசியில் முகம் தெரியாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சலரோகச் சங்கத்தின் தேசிய நீரிழிவு நிலையம் இராஜகிரியவில் இருக்கிறது. இதுவரை சீனியே பார்க்காத 35 வயது தாண்டியவர்களுக்கு, 2011இலிருந்து அரச வைத்தியசாலைகளோடு இயங்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

● அடுத்த கிளினிக்குக்குச் சீனிக் கொப்பியைக் கொண்டுபோகும்போது, இலக்கங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு கீறுங்கள். எத்தனை மணிக்குக் கோபம் வந்தது, எப்போது அழுகை, எந்த நேரத்தில் அடங்காத பசி, அப்போது மெசினில் என்ன, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. இரண்டு வாரம் எழுதினால், பகல் 11 மணிக் கோபம் காலைக் குளிசையின் அளவோடு சேர்ந்ததா என்பது டொக்டருக்குத் தெரிந்துவிடும். எழுதுகிற பொறுப்பை வீட்டில் பேச்சு வாங்குகிற ஆளே எடுத்துக்கொண்டால் நேரம் பிசகாது.